கழுதைப்புலியின் கழுத்தில் இருந்த ரத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்காவில் விலங்குகளைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. ‘பெரிய ஐந்து’ என்பார்கள். அந்தக் கணக்கைப் போட்டவர்கள் வேட்டைக்காரர்கள். துப்பாக்கியோடு நடந்து போனால் எந்த விலங்கு ஆளைத் திருப்பி அடிக்கும் என்று பார்த்து வைத்த ஐந்து அது. கண்ணால் பார்த்து மகிழப் போகிற நமக்கு அது எதற்கு? நான் பேச வந்தது அதில் இடம் கிடைக்காத ஒரு விலங்கைப் பற்றி. கழுதைப்புலி.

தான்சானியாவில் ங்கொரொங்கொரோ என்று ஓர் இடம். பழைய எரிமலை ஒன்று உள்ளே சரிந்து உண்டான பள்ளம். பெரிய அண்டா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரின் உயரம் சுமார் 600 மீட்டர், அடித்தளம் சுமார் 260 சதுர கிலோமீட்டர். உள்ளே புல்வெளி, ஏரி, ஆயிரக்கணக்கில் வரிக்குதிரைகள், வில்டபீஸ்ட்கள். வில்டபீஸ்ட் என்பது மாட்டு முகம் கொண்ட பெரிய மான்.

விடிந்ததும் பள்ளத்துக்குள் இறங்கினோம். ஒரு வில்டபீஸ்ட் செத்துக் கிடந்தது. இரண்டு சிங்கங்கள் தின்றுகொண்டிருந்தன. சற்றுத் தள்ளிப் பத்துப் பதினைந்து கழுதைப்புலிகள். “திருட்டுக் கூட்டம், மிச்சத்துக்குக் காத்துக் கிடக்குது” என்றார் வண்டியில் இருந்த ஒருவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்டி ஓட்டிய தான்சானியக்காரர் தொலைநோக்கியை என்னிடம் கொடுத்தார். சிங்கத்தை விடுங்கள், ஃபிஸியின் கழுத்தைப் பாருங்கள் என்றார். சுவாஹிலி மொழியில் கழுதைப்புலிக்கு ஃபிஸி என்று பெயர்.

பார்த்தேன். முகத்திலிருந்து கழுத்து வரைக்கும் ரத்தம். காய்ந்துபோன ரத்தம். அதாவது, சிங்கம் வருவதற்கு முன்பே அவை தின்றிருக்கின்றன. கல்யாண வீட்டில் இரவெல்லாம் கண்விழித்துச் சமைத்தவரை வெளியே தள்ளிவிட்டு, வேறு யாரோ பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

இது நான் ஒரு காலையில் பார்த்தது. ஆனால் 1960களிலேயே ஹான்ஸ் க்ரூக் என்ற டச்சு விலங்கியலாளர் இதே பள்ளத்தில், இரவு இரவாக, நிலா வெளிச்சத்தில் இவற்றின் பின்னாலேயே வண்டியில் போனார். அங்கே கழுதைப்புலிகள் தின்பதில் பெரும்பகுதி அவை தாமே கொன்றது என்று கண்டார். சத்தம் கேட்டுச் சிங்கம் வந்து பிடுங்கிக்கொள்கிறது. நாம் காலையில் போகிறோம், சிங்கம் தின்பதைப் பார்க்கிறோம், கழுதைப்புலியைத் திருடன் என்கிறோம். திரும்பவும் சொல்கிறேன்: வேட்டை இரவில் முடிந்துவிடுகிறது, நாம் போவது காலையில்.

க்ரூக் கண்ட இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. வில்டபீஸ்ட்டைத் துரத்த ஒன்றிரண்டு போதும். வரிக்குதிரைக்குப் போவதென்றால் முன்கூட்டியே பத்துக்கும் மேல் சேர்கின்றன. வழியில் வில்டபீஸ்ட் நின்றாலும் கண்டுகொள்ளாமல் போகின்றன. என்ன வேட்டை என்று கிளம்பும்போதே தீர்மானமாகிவிடுகிறது!

நம் முதுமலைப் பக்கம் இருப்பது வரிக் கழுதைப்புலி. அது வேறு இனம், பெரும்பாலும் செத்ததைத் தேடித் தின்பது. நான் சொல்வது புள்ளிக் கழுதைப்புலி. இரண்டுமே நாய் இனம் அல்ல. பூனைக்கும் கீரிக்கும்தான் நெருக்கம். புள்ளிக் கழுதைப்புலிக் கூட்டத்தில் பெண்தான் தலைமை. அம்மாவின் அந்தஸ்து மகளுக்கு வரும். வெளியிலிருந்து வந்து சேரும் ஆணுக்குக் கடைசி இடம். கழுதைப்புலி சிரிக்கும் என்பார்களே, அந்தச் சத்தம்? அது சிரிப்பே இல்லை. இன்னொன்று துரத்தும்போது, இரையைப் பிடுங்க வரும்போது, பதற்றத்தில் எழும் குரல்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒட்டகச்சிவிங்கி பற்றியும் சொல்ல நினைத்தேன், அதை விட்டுவிடுகிறேன். யானை பற்றி ஒன்றே ஒன்று. கென்யாவின் அம்போசெலியில் சிந்தியா மாஸ் 1972இல் தொடங்கிய ஆய்வில் ஒவ்வொரு யானையையும் காதை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். ஓரத்தில் உள்ள கிழிசல், ஓட்டை, நரம்போட்டம், இவை ஒன்றைப் போல் இன்னொன்றுக்கு இராது. அங்கே போனால் தந்தத்தை மட்டும் படம் எடுக்காதீர்கள், காதையும் சேர்த்து எடுங்கள். வணக்கம்.