டிக்கெட்டில் ஒரு பேர், விமானத்தில் ஒரு பேர்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற தொழிலில் ரொம்ப வருஷம் இருந்தவன் நான். கோயில், வெற்றிலை, டிகிரி காபி என்று பேச எவ்வளவோ இருக்க, இவன் விமானக் கதை சொல்ல வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். நம் டெல்டாவில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், சிங்கப்பூரிலோ துபாயிலோ மகன் இருக்கிற வீடு ஒன்று கட்டாயம் இருக்கும். வேன் பிடித்துக் குடும்பத்தோடு திருச்சி விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போகாதவர்களும் நம்மில் குறைவு.

இன்றைக்கு நான் பேசப் போவது டிக்கெட்டில் இருக்கிற ஒரே ஒரு வரியைப் பற்றி. மேலே பெரிய எழுத்தில் ஒரு கம்பெனி பேர், விமான எண், நேரம். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில், இந்த விமானத்தை இயக்குபவர் இன்னார் என்று வேறொரு பேர். உங்களிடம் பணம் வாங்கியவர் மேலே இருப்பவர். விமானம், விமானி, பணிப்பெண் எல்லாம் கீழே இருப்பவருடையது. இந்த வரியைப் படியுங்கள், படியுங்கள் என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி, எனக்கே அது ஒரு பைத்தியமாகிவிட்டது.

நம் திருச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று டிக்கெட் போட்டிருப்பார்கள். வந்து நிற்பது மஞ்சள் நிற ஸ்கூட். அது அவர்களுடைய துணை நிறுவனம்தான், தப்பில்லை. ஆனாலும் ஏறுகிறவருக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாமா? 2023-இல் இண்டிகோ இஸ்தான்புல்லுக்குப் பெரிய விமானம் விட்டது. விமானமும் விமானியும் துருக்கி ஏர்லைன்ஸிடமிருந்து வாடகைக்கு வந்தவை. ஆக, இது எங்கேயும் நடப்பதுதான்.

ஆனால் இதை ஒரு பெரிய ஏற்பாடாகவே வளர்த்து வைத்திருப்பது அமெரிக்கா. அங்கே யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் என்று மூன்று பெரிய கம்பெனிகள். சின்ன ஊர்களுக்கு இவர்கள் பேரில் பறப்பது பெரும்பாலும் இவர்கள் இல்லை. ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் மாதிரியான வட்டாரக் கம்பெனிகள். யுனைடெட் எக்ஸ்பிரஸ், டெல்டா கனெக்‌ஷன், அமெரிக்கன் ஈகிள் என்று பெரிய கம்பெனியின் பேரையே, அதே வண்ணத்தில், விமானத்தின் மேல் எழுதியிருப்பார்கள். உள்ளே உட்கார்ந்தவருக்குக் கைத்துடைப்பான் காகிதத்தில்கூட வித்தியாசம் தெரியாது.

வலங்கைமான் பக்கத்து அம்மா ஒருவர். மகனுக்கு அமெரிக்காவில் பியோரியா என்கிற ஊரில் வேலை. சிகாகோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம். மருமகளுக்குப் பிரசவம், அம்மா தனியாகக் கிளம்புகிறார். டிக்கெட்டை மகன் அங்கிருந்தே போட்டுவிட்டான். அச்செடுத்து விவரம் சொல்ல மட்டும் என் கடைக்கு வந்தார். "தம்பி, கடைசி வரைக்கும் இதே கம்பெனி தானே?" என்று கேட்டார். "பேரு இதேதாம்மா. சிகாகோவுலேர்ந்து மட்டும் சின்ன விமானம், வேற கம்பெனி ஓட்டுது" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஏதாவது ஒண்ணுன்னா நான் யாரைப் போயி கேக்குறது?" என்றார். பாருங்கள், நான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற விஷயத்தை அந்த அம்மா ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்.

கையில் ஒரு பை. அதில் சர்க்கரை மாத்திரை, பிரசவ லேகியம், சுண்டைக்காய் வத்தல். லேகியத்தை ஊரிலேயே கிண்டி, நல்லெண்ணெய் மிதக்க டப்பாவில் அடைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தார். சென்னையிலும் வழியிலும் அந்த டப்பாவைப் பற்றிக் கேட்காத அதிகாரி இல்லையாம். "மருந்து, மருந்து" என்று தமிழிலேயே சொல்லிச் சமாளித்துவிட்டார். அது தனிக் கதை.

சிகாகோவில் இறங்கி அந்தச் சின்ன விமானத்தின் வாசலுக்குப் போனால், பையை உள்ளே விடவில்லை. ஐம்பது பேர் உட்காரும் விமானங்களில் தலைக்கு மேல் இருக்கிற பெட்டி ரொம்பச் சின்னது, சக்கரம் வைத்த பை நுழையாது. வாசலிலேயே ஒரு சீட்டைக் கட்டி வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். இறங்கும்போது திருப்பிக் கொடுப்பார்கள். சரி என்று கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். விமானிக்குப் பணி நேரம் முடிந்துவிட்டதாம், இனி மறுநாள் காலையில்தான். பை விமானத்தின் வயிற்றில். மாத்திரை பையில்.

கவுன்டருக்குப் போனால் அங்கே இருப்பது பெரிய கம்பெனி. "இந்த விமானத்தை நாங்கள் ஓட்டவில்லை" என்கிறார்கள். ஓட்டுகிற கம்பெனியின் கவுன்டர் எங்கே? அப்படி ஒன்று கிடையாது! டிக்கெட் விற்பது அவர்கள் வேலை இல்லையே. மகன் ராத்திரியோடு ராத்திரியாகக் கார் ஓட்டி வந்து அம்மாவை அழைத்துப் போனான். பை பின்னால் வந்து சேர்ந்தது. லேகியம் பிழைத்தது. எழுதின கடிதத்துக்குப் பெரிய கம்பெனி ஓட்டியவரைக் கேட்கச் சொன்னது. ஓட்டியவர் விற்றவரைக் கேட்கச் சொன்னார். கடைசியில் அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு கூப்பன் வந்தது. "நான் இனிமே அவன் விமானத்துல ஏறினாத்தானே" என்று அதை மகனிடமே கொடுத்துவிட்டார்.

ஏன் இப்படி? நம் வயலுக்கு வாருங்கள். தை மாதம், சம்பா அறுவடை. பெல்ட் மெஷின் வெளி மாவட்டத்திலிருந்து வருகிறது. பேசுவதும் பணம் வாங்குவதும் உள்ளூர்ப் புரோக்கர். வாடகை மணிக்கு இவ்வளவு. மெஷின் ஓட்டுகிற பையனுக்கு மணிக்கணக்குத்தான், மூட்டைக்கணக்கு இல்லை. சாய்ந்து கிடக்கிற பயிரைப் பார்த்து அறுத்தாலும் அதே கூலி, வரப்போரம் நெல்லைச் சிந்தவிட்டாலும் அதே கூலி. நெல் சிந்துகிறதே என்று கேட்டால் புரோக்கரைக் கேளுங்கள் என்பான். புரோக்கரோ டிரைவரைக் கேளுங்கள் என்பார். அமெரிக்காவில் பெரிய கம்பெனி வட்டாரக் கம்பெனியோடு போடுகிற ஒப்பந்தமும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். எத்தனை பேர் ஏறினார்கள் என்று பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. இத்தனை முறை கிளம்பினாய், இத்தனை மணி நேரம் பறந்தாய் என்று பார்த்துக் கொடுக்கிறார்கள். டிக்கெட் விலையைப் பெரிய கம்பெனி வைக்கும், எரிபொருள் செலவையும் பெரும்பாலும் அதுவே ஏற்கும். வட்டாரக் கம்பெனிக்கு லாபம் வருகிற முக்கிய வழி, தன் செலவைக் குறைப்பது. அதில் ரொம்ப காலம் முதலில் கைவைத்த இடம் சம்பளம்.

இந்த இடத்தில் ஒரு விபத்தைச் சொல்லியாக வேண்டும். 2009 பிப்ரவரி 12. நியூயார்க் பக்கத்து நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன விமானம் ஊருக்கு அருகில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பேர் கான்டினென்டல் என்கிற பெரிய கம்பெனி, ஓட்டியது கோல்கன் ஏர் என்கிற வட்டாரக் கம்பெனி. விமானம் வேகம் குறைந்து சரியப் போகிறது என்று எச்சரிக்கை வந்ததும் மூக்கைத் தாழ்த்த வேண்டும். தலைமை விமானி தவறாக மேலே இழுத்தார் என்று விசாரணை சொன்னது. துணை விமானியின் சம்பளமும் அந்த விசாரணையில்தான் வெளியே வந்தது. ஆண்டுக்குச் சுமார் 16,000 டாலர். பணிபுரிகிற ஊரில் வீடு எடுத்துத் தங்காமல், நாட்டின் மறுகோடியில் சியாட்டிலில் இருந்து ராத்திரி முழுக்கச் சரக்கு விமானங்களில் வந்து வேலைக்கு நின்றவர். இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனை விடவில்லை. 2010-இல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. அந்தச் சட்டத்திலேயே நம்முடைய பொடி எழுத்துக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. இணையதளத்தில் டிக்கெட் விற்கும்போது, விமானத்தை ஓட்டுவது யார் என்று தேடல் முடிவின் முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும். ஒரு வரிக்காக அந்தக் குடும்பங்கள் எவ்வளவு நடந்திருக்கிறார்கள், பாருங்கள்.

2017-இல் சிகாகோவில் ஒரு வயதான டாக்டரை இருக்கையிலிருந்து தரதரவென்று இழுத்துப் போன வீடியோவை நீங்களும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். உலகமே யுனைடெட்டைத் திட்டியது. அந்த விமானத்தை ஓட்டியது ரிபப்ளிக். இடம் கேட்டதும் ரிபப்ளிக்கின் சொந்த ஊழியர் நாலு பேருக்காக. ஆனால் திட்டு போன இடம் சரியான இடம்தான் என்பது என் கட்சி. பேரை வாடகைக்கு விட்டால் கெட்ட பேரையும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

பெரிய கம்பெனி விமானிகளுக்கும் இதில் கோபம் உண்டு. நம் வேலையைக் குறைந்த சம்பளக்காரனுக்குத் தள்ளுகிறார்களே என்று. அதனால் வட்டார விமானத்தில் 76 இருக்கைக்கு மேல் கூடாது, ஐம்பதுக்கு மேல் இருக்கை உள்ளவை இத்தனைதான் இருக்கலாம் என்று தங்கள் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்திலேயே வரம்பு வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புகளுக்குள் அடங்க, எழுபது பேர் உட்காரும் விமானத்தில் இருக்கையைக் கழற்றி ஐம்பதாக்கி ஓட்டிய கூத்தும் நடந்தது.

நிலையப் பொறுப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார். தஞ்சாவூருக்கு வாயுதூத் என்கிற அந்தக் கால அரசு நிறுவனத்தின் சின்ன விமானம் வந்துபோன கதை, ஏர் இந்தியா தனியாரிடம் போனபோது அரசாங்கத்திடமே தங்கிவிட்ட அதன் துணை நிறுவனம் அலையன்ஸ் ஏர் கதை எல்லாம் வைத்திருந்தேன், இனி நேரமில்லை. உபயோகமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. 2009 முதல் இந்தியாவும் அதில் இருக்கிறது. அதன்படி டிக்கெட் விற்றவர், விமானத்தை ஓட்டியவர், இருவரில் யாரிடம் புகார் கொடுத்தாலும் இருவரிடமும் கொடுத்த மாதிரிதான். வழக்கையும் யார் மேல் வேண்டுமானாலும் போடலாம். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள், எழுத்தில் கொடுங்கள். கவுன்டரில் "நாங்க ஓட்டலை சார்" என்று சொன்னாலும் நகராமல் நின்று, புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஒரு சீட்டு கேட்டு வாங்குங்கள். போர்டிங் பாஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வணக்கம்.