பொருள் தெரியாமல் பாடிய சிறுவன்: யெரெவானில் கோமிதாஸ் அருங்காட்சியகம்

(காட்சி: மரங்கள் அடர்ந்த பூங்கா, ஒரு பக்கம் கல்லறைகள், மறுபக்கம் அருங்காட்சியகக் கட்டடம்.)

1881. பன்னிரண்டு வயதை நெருங்கும் ஓர் அனாதைச் சிறுவனை ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைப் பீடமான எச்மியாட்சினுக்கு அழைத்து வருகிறார்கள். திருச்சபைத் தலைவர் ஆர்மீனிய மொழியில் ஏதோ கேட்கிறார். பையன் விழிக்கிறான். அவன் பிறந்த குதாஹ்யா, ஒட்டோமான் பேரரசின் ஊர்; அங்கே ஆர்மீனியர் வீட்டுக்குள்ளும் பேச்சு துருக்கி மொழிதான். பேச வராது, பாட வரும். ஓர் ஆர்மீனியத் துதிப்பாடலைப் பாடுகிறான், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமலே. குரல் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

சொகோமோன் என்ற அந்தச் சிறுவன்தான் பின்னாளில் துறவியாகி, ஏழாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் பெயரை ஏற்று, நாட்டுப்பாடல்களைத் திரட்டிய இசையறிஞர் கோமிதாஸ் ஆனார். ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் அவருக்காக 2015 ஜனவரியில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் வாசலில்தான் இப்போது நிற்கிறோம். இதை வடிவமைத்த ஆர்தூர் மெஸ்சியான் பாட்டுக்காரராகவும் பேர் பெற்றவர். பொருத்தமான ஆள்தான்.

(காட்சி: இசைக்குறிகள் நிறைந்த ஒரு தாள், நெருக்கத்தில்.)

உடைமைகளையும் புகைப்படங்களையும் ஆற அமரப் பாருங்கள். ஆனால் இந்த மாதிரித் தாளுக்கு முன்னால் மட்டும் கூடுதலாக ஐந்து நிமிடம் நில்லுங்கள். இவை மேற்கத்தியக் குறிகள் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஹம்பார்ட்ஸும் லிமோன்ஜியான் உருவாக்கிய முறை. ஐந்து கோடு போட வேண்டாம். காதில் விழ விழ எழுதிக்கொண்டே போகலாம். பாட்டுத் தேடி ஊர் ஊராக அலைந்த கோமிதாஸுக்கு வேறென்ன வேண்டும்?

பெர்லினில் மூன்று ஆண்டுகள் இசை படித்தவர் கோமிதாஸ். திரும்பி வந்து காது கொடுத்ததோ உழவருக்கு. ஆர்மீனியாவின் லோரி வட்டாரத்து வார்தாப்லூர் கிராமத்தின் ஏர்ப்பாட்டைப் பற்றித் தனி ஆய்வே எழுதினார். மாட்டை அதட்டுவது, கூட உழுபவனைக் கூப்பிடுவது, நடுவே ஒரு பெருமூச்சு, எல்லாம் அந்தப் பாட்டுக்குள் உண்டு. மெட்டை மட்டும் உருவி எடுத்தால் பாட்டு செத்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆர்மீனியப் பாடல்களோடு நிற்கவில்லை. குர்தியர் மெட்டுகளையும் தொகுத்து வெளியிட்டார்.

இப்படி அவர் திரட்டியவை ஏறக்குறைய 3,000 என்கிறார்கள். கையில் எஞ்சியவை சுமார் 1,200.

மிச்சம் எங்கே போயிற்று?

(காட்சி: இருண்ட திரை. சில நொடிகள் மௌனம்.)

1910-இல் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் குடிபெயர்ந்து, 300 பேர் கொண்ட பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். 1915 ஏப்ரல் 24 இரவு, நகரத்து ஆர்மீனிய அறிஞர்களை ஒட்டுமொத்தமாகக் கைது செய்தது ஒட்டோமான் அரசு. இனப்படுகொலையின் தொடக்கமாக ஆர்மீனியர்கள் நினைவுகூரும் நாள் அது. கோமிதாஸை உள்நாட்டு ஊரான சாங்கிரிக்கு வெளியேற்றினார்கள். திரும்பிவர விட்ட வெகுசிலரில் அவரும் ஒருவர். ஊருக்கு வந்தார், மனம் தேறவில்லை. 1916-இல் மருத்துவமனை, 1919-இல் பாரிஸ், கடைசியில் அதன் புறநகரான வில்லஜுயிஃபில் ஒரு மனநல மருத்துவமனை. 1935-இல் இறக்கும்வரை மீண்டும் இசைக்குத் திரும்பவேயில்லை. தாள்கள் சிதறின.

போனவற்றுள் மனத்தை அதிகம் உறுத்துவது வேறொன்று. இடைக்கால ஆர்மீனியத் துதிநூல்களில் எழுத்துகளின் மேலே ‘கஸ்’ என்ற இசைக்குறிகள் இருக்கும். அவற்றைப் படிக்கும் வழி நூற்றாண்டுகளுக்கு முன்பே மறந்துபோயிற்று. பல ஆண்டுகள் அவற்றோடு மல்லுக்கட்டிய கோமிதாஸ், திறவுகோல் கிடைத்துவிட்டது என்றும் எளிய குறிகளைப் படிக்க முடிகிறது என்றும் எழுதினார். அந்த ஆய்வு கிடைக்கவில்லை. குறிகள் மறுபடி ஊமையாகிவிட்டன.

தப்பிய கையெழுத்துப் படிகளைத் தேடுகிறவர்கள் இதே நகரத்தின் சாரென்ட்ஸ் இலக்கிய, கலை அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டும். அவருடைய ஆவணங்கள் பெரும்பாலும் அங்கேதான்.

வெளியே வந்ததும் வாடகைக் காரைக் கூப்பிட அவசரப்படாதீர்கள். ஒட்டியுள்ள தோட்டத்தில் கோமிதாஸின் கல்லறை இருக்கிறது. 1936-இல் உடலைப் பாரிஸிலிருந்து கொண்டுவந்தார்கள். அதே தோட்டத்தில்தான் இசையமைப்பாளர் ஆரம் கச்சதூரியானின் கல்லறையும் இருக்கிறது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேளுங்கள். 1912-இல் பாரிஸில் பதிவான இசைத்தட்டு, பாடுவது கோமிதாஸ்.

(ஒலி: இசைத்தட்டின் கீறல் சத்தம். அதன் நடுவே ஒற்றைக் குரல். பாட்டு முடியும்வரை காட்சி மாறாது.)