கெண்டைக்காலுக்குள் ஒரு பம்ப்!

வணக்கம். ரத்தம் எடுக்கும்போது "நரம்பே கிடைக்கலை" என்பார்கள், கேட்டிருப்பீர்கள். அது நரம்பே இல்லை! மூளைக்குச் செய்தி கொண்டு போவதுதான் நரம்பு. கையில் பச்சையாகத் தெரிவது சிரை. உள்ளே ஓடும் ரத்தம் சிவப்புதான். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் குழாய் தமனி, திரும்பி வரும் குழாய் சிரை. சிரையின் சுவர் மெல்லியது, நன்றாக விரியும். அதனால் உடம்பு ரத்தத்தில் பாதிக்கு மேல் சிரைகளில்தான் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் வீவக அடுக்குமாடி புளோக்கில் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீரை ஏற்றக் கீழே பம்ப் இருக்கிறது. பாதத்து ரத்தம் நெஞ்சுக்கு ஏற? இதயம் கொடுத்த அழுத்தம், தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருக்கும் நுண்குழாய்களைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அங்கேதான் கெண்டைக்கால் சதை கைகொடுக்கிறது. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் உள்ளே இருக்கும் சிரையைப் பிழிகிறது, ரத்தம் மேலே போகிறது.

ஏன் மேலே மட்டும்? இப்போதே பார்த்துவிடலாம்.

(கேமரா புறங்கைக்கு அருகே)

கையைக் கொஞ்ச நேரம் தொங்கப்போடுங்கள். புடைத்த சிரை ஒன்றை, விரல்கள் பக்கமாக, ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் மணிக்கட்டை நோக்கி ரத்தத்தை வழித்துவிட்டு, அந்த விரலை மட்டும் எடுங்கள். பார்த்தீர்களா? மேலே போன ரத்தம் ஓர் இடம் வரை இறங்கி, அப்படியே நின்றுவிட்டது! அதற்குக் கீழே சிரை தட்டையாகக் கிடக்கிறது. ரத்தம் நின்ற இடத்தில்தான் வால்வு. அழுத்திய விரலை எடுங்கள், சட்டென்று நிறையும்.

ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் முன்கையை வைத்து இதைத்தான் காட்டினார். அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியுஸ் 1603இலேயே வால்வுகளை விவரித்திருந்தார். ஆனால் அவை ரத்தத்தின் வேகத்தைக் குறைக்க இருப்பதாக நினைத்தார். ஒருவழிக் கதவு என்று புரிந்துகொண்டவர் மாணவர்! எத்தனை தடவை செய்தாலும் எனக்கு இது சிலிர்ப்புதான்.

இந்த வால்வு தளர்ந்தால் ரத்தம் கீழே தேங்கி, சிரை சுருண்டு புடைக்கும். நாம் "நரம்பு சுருட்டல்" என்கிறோமே, அதுதான். தேக்காவில் பூக்கடையில் வருஷக்கணக்காக நின்று மாலை கட்டிய என் அம்மாவின் காலில் அதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அவர் மாலை கட்டிக்கொண்டே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார். சாயங்காலம் கால் கனம் குறைந்திருக்கிறது என்கிறார்.

உங்கள் வீட்டிலும் நின்றே வேலை செய்பவர் இருந்தால் இந்த வீடியோவை அனுப்புங்கள். அப்புறம், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.