பதம் என்றால் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம்.

மண்ணைப் பிசைந்துகொண்டே இருக்கும் குயவர் சட்டென்று கையை நிறுத்துவார். "போதும், பதம் வந்துவிட்டது" என்பார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "கைக்குத் தெரியும்" என்பதுதான் பதில். பள்ளியில் அறிவியலை இந்தப் பதத்திலிருந்து தொடங்கலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பதமான அந்த மண்ணில் ஒரு பிடி வாங்கி வாருங்கள். வில்லைகளாகத் தட்டி எடை போடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் சரியாக 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறிவிடுங்கள். சில நாள் நிழலில் உலரட்டும். மறுபடி எடை போட்டால் குறைந்திருப்பது நீர். கோட்டை அளந்தால் அதுவும் குட்டையாகியிருக்கும். களிமண்ணின் துகள்கள் மெல்லிய தகடுகள். அவற்றுக்கு நடுவே இருந்த நீர் போனதும் தகடுகள் நெருங்குகின்றன, வில்லை சுருங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்தால்? அந்தப் பக்கம் முந்திச் சுருங்கி விரிசல் விடும். பானையை ஏன் நிழலில் காயவைக்கிறார்கள் என்று இதற்குள் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் காய்ந்த வில்லை ஒன்றையும் சூளையில் சுட்ட ஓட்டுத்துண்டு ஒன்றையும் தண்ணீரில் போடுங்கள். காய்ந்தது குழைந்து மறுபடி சேறாகும். சுட்டது அப்படியே கிடக்கும். சூளையில் ஏறக்குறைய 500, 600 டிகிரி செல்சியஸில், களிமண்ணின் அமைப்போடு பிணைந்திருந்த நீரே வெளியேறிவிடுகிறது. இனி அது பழைய மண்ணாகாது. இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்று கரும்பலகையில் எழுத வேண்டிய நேரம் அதுதான். முன்னாலேயே எழுதிவிட்டால் அது மனப்பாடமாகத்தான் போகும்.

சாயத் தொழிலில் இன்னும் அழகான பாடம் உண்டு. நீலச் சாயம் தரும் அவுரித் தொட்டியில் முக்கியெடுத்த துணி வெளியே வரும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். ஆக்சிஜனேற்றத்தை நிறமாகவே பார்க்கலாம். கணக்கு ஆசிரியருக்குத் தறி இருக்கிறது. 1804-ல் பிரான்சில் ஜக்கார் என்பவர் உருவாக்கிய தறியில், நெசவு வடிவத்தைச் சொல்வது துளையிட்ட அட்டைகள். அட்டையில் துளை இருந்தால் நூல் எழும், இல்லாவிட்டால் எழாது. கணினியின் ஒன்று, பூஜ்யத்தைப் போல இரண்டே நிலைகள்; கணினியைப் பற்றிப் பேச அது போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கைவினைஞரை ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டு ஓர் ஓரத்தில் வனையச் சொல்லி, கைதட்டி அனுப்பிவிடாதீர்கள். ஆசிரியராக அழையுங்கள். அவர் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுங்கள். அவர் சொல்லும் காரணம் சில சமயம் தவறாக இருக்கலாம். சரி, அதையும் வகுப்பில் சோதித்துப் பார்க்கலாமே! அவர் கை செய்வது பல தலைமுறை சோதித்த ஒன்று.

என் வகுப்பில் வாய் திறக்காத மாணவி ஒருத்தி இருந்தாள். உலரவைத்த வில்லை ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், இந்த ஓரம் மெல்லிசு. நாளைக்கு வெடிக்கும்" என்றாள். மறுநாள் அதே ஓரத்தில் விரிசல். எல்லாரும் தராசை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்றார்கள். "எங்க அப்பா பானை செய்யறவர். கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். மறுவாரம் அவர் வந்தார். முதல் கேள்வியை அவள்தான் கேட்டாள்: "பதம்னா எவ்வளவு தண்ணிப்பா?"

வணக்கம்.