சேற்றிலிருந்து வரும் காய்ச்சல்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்தும் பாகூர், குறிஞ்சிப்பாடி பக்கத்து வயல்களில் இன்னும் தண்ணீர் முழுசாக வடியவில்லை. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிற எங்களைப் போன்றவர்கள், இந்த மழைக்காலம் முழுக்க ஒரு கிருமிக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்போம். அதன் பெயர் பர்க்ஹோல்டெரியா சூடோமாலியை. அது உண்டாக்கும் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. அது குடியிருப்பது ஈர மண்ணில், அதிலும் நெல் வயல் சேற்றில் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1911-இல் ரங்கூன் மருத்துவமனையில், இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தபோது ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவர் இந்த நோயை முதலில் கண்டுகொண்டார். அடுத்த வருடம் அவரும், அவருடன் பணியாற்றிய கிருஷ்ணசாமி என்ற மருத்துவரும் சேர்ந்து அதைப் பற்றி எழுதினார்கள். அதற்கப்புறம் நூறு வருடம் தாண்டிவிட்டது. நம் பக்கத்தில் ஜிப்மரிலும் வேலூர் சிஎம்சியிலும் இந்தக் கிருமியைப் பிடித்திருக்கிறார்கள். ஆனாலும் காய்ச்சல் என்று ஒருவர் வந்து நின்றால், டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாம் பார்த்த பிறகுதான் இதன் நினைவு வருகிறது, அதுவும் வந்தால்தான்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த நோய்க்குத் தனி அடையாளம் கிடையாது. ஒருவருக்கு நுரையீரலைப் பிடித்து, எக்ஸ்ரேயில் அச்சு அசலாக டிபி போலவே தெரியும். இன்னொருவருக்கு ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ் கட்டும். வேறொருவருக்கு முழங்கால் மூட்டு வீங்கும். சிலருக்கு ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். டிபி என்று நம்பி மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு, உடம்பு உருகிப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனசு தாங்காது.

இது யாரைப் பிடிக்கும்? முக்கியமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களை. உலக அளவில் இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது, நம் நாட்டில் அதற்கும் மேல். காலில் ஒரு வெடிப்பு, ஒரு சேற்றுப்புண் இருந்தால் போதும், கிருமி உள்ளே போய்விடும். புயல் மழைக் காற்றில் மூச்சு வழியாகவும் போகும்.

இதை உறுதியாகச் சொல்ல கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதுதான் கல்ச்சர் டெஸ்ட். ரத்தம், சீழ், சளி, சிறுநீர் எல்லாவற்றிலும் தேடுவோம். பெரியவர்களுக்கு, கிருமியை வளர்க்கும் ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். "இவ்வளவு ரத்தமா?" என்று கூட வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். ரத்தத்தில் கிருமி பரவியவருக்குக்கூட, பல நேரங்களில் ஒரு மில்லிக்கு ஒரு கிருமிகூடத் தேறாது. குறைவாக எடுத்தால் கைக்குத் தட்டுப்படாமலே போய்விடும்.

பாட்டிலில் வளர்ந்ததை அகார் தட்டில் தடவி, உடம்புச் சூட்டில், அதாவது 35 முதல் 37 டிகிரியில் வைப்போம். இந்த அகார் கடற்பாசியிலிருந்து எடுப்பது. முன்பு ஜெலட்டினில் வளர்த்தபோது வெயில் நாளில் அது உருகிப்போகும். 1881-இல் வால்ட்டர் ஹெஸ்ஸே என்ற ஆய்வாளருக்கு அகாரைச் சொன்னவர், வீட்டில் ஜெல்லி செய்ய அதைப் பயன்படுத்திய அவர் மனைவி ஃபேனி. தட்டுக்கு 'பெட்ரி டிஷ்' என்று பெட்ரி என்ற ஆய்வாளரின் பெயர் நிலைத்துவிட்டது, ஃபேனியைத்தான் யாரும் சொல்வதில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

சரி, நம் கிருமிக்கு வருவோம். முதல் நாள் தட்டில் பொடிப்பொடியாகத்தான் தெரியும். அவசரப்பட்டால் ஏதோ அழுக்கு என்று தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். மூன்றாம் நாள், நான்காம் நாள் பார்த்தால் உலர்ந்து, சுருக்கம் விழுந்திருக்கும். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு முனைகளும் அழுத்தமாகவும் நடுப்பகுதி வெளிறியும் தெரியும். பிறகு ஆன்டிபயாடிக் மருந்து ஊறிய சின்ன வில்லைகளைத் தட்டில் வைத்து, எதற்குக் கிருமி அடங்குகிறது என்று பார்ப்போம். ஜென்டாமைசின், கொலிஸ்டின் இரண்டுக்கும் பெரும்பாலும் மசியாது. ஆனால் கோ-அமாக்ஸிக்ளாவ் வில்லையைச் சுற்றி வளராமல் ஒதுங்கி நிற்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எங்களுக்கு உடனே பொறி தட்டும். அடையாளம் சொல்லும் இயந்திரம்கூட சில சமயம் வேறு பெயரைச் சொல்லிவிடும், பழகிய கண்தான் பிடிக்கும்.

நாங்கள் பிடிக்க வேண்டுமானால் உங்களிடமிருந்து எங்களுக்கு இரண்டு விஷயம் வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை இரண்டு வேளை போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால், கிருமி உடம்பில் இருந்தும் தட்டில் வளராமல் போகலாம். காய்ச்சல் விடாமல் அடித்தால் முதலில் டாக்டரிடம் போங்கள், ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் கல்ச்சருக்கு ரத்தம் கொடுங்கள். அப்புறம், "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, நடவு வேலைக்குப் போனேன், வெள்ளத்தில் நின்றேன்" என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அது டாக்டரின் சீட்டில் ஏறி எங்களிடம் வந்தால், தட்டைக் கூடுதல் நாள் வைத்துப் பார்ப்போம். பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத்தான் கையாளுவோம். தட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கும் பழைய வழக்கம் இந்தக் கிருமியிடம் ஆபத்து.

வயலில் இறங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது பிழைப்பு. முடிந்தவரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். புண் இருந்தால் நீர் புகாதபடி மூடிவிட்டு இறங்குங்கள், கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நோய் உறுதியானால் பயந்து ஒடுங்க வேண்டாம், மருந்து இருக்கிறது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், அதன் பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். ஊசியிலேயே காய்ச்சல் நின்றுவிடும் என்பதால், வீட்டுக்குப் போனதும் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். விட்டால் கிருமி திரும்ப வரும். 3 மாதத்தையும் டாக்டர் சொல்கிறபடி முடியுங்கள், சர்க்கரையையும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.