நாற்பது நிமிடத்துக்காக இரண்டு வீடுகளை இடிக்கலாமா?

(கீழக்கரையில் பள்ளிப் பெற்றோரும் தெருவாசிகளும் சேர்ந்து கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, காக்காமார்களே, பள்ளி நிர்வாகத்தாரே, ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு முன் பேசியவர்கள் இரு தரப்பையும் காரசாரமாகவே எடுத்து வைத்தார்கள். பள்ளிக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்கிறார்கள் ஒரு தரப்பார். அதற்காகப் பள்ளியை ஒட்டியிருக்கும் இரண்டு பழைய வீடுகளை விலைக்கு வாங்கி இடிக்கக் கூடாது என்கிறார்கள் மற்றவர்கள். நான் இடிக்கக் கூடாது என்கிற பக்கம் நிற்கிறேன். ஆனால் வண்டி நிறுத்த இடம் கேட்கிறவர்களின் கவலையைத் தட்டிக்கழித்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். இந்தத் தெருவில் ஒரு வேன் போனால் பக்கத்தில் ஓர் ஆள் சுவரோடு ஒட்டி நிற்கலாம், அவ்வளவுதான் அகலம். அதற்குள் வேன்கள், ஆட்டோக்கள், கார்கள், முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் ஒரு பிள்ளையுமாக ஸ்கூட்டரில் வரும் உம்மாமார்கள் என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நுழைகிறார்கள். திருப்ப இடமில்லாத வேன் பின்னோக்கி வருகிறது. ஓட்டுநரின் கண்ணாடியில் ஆறு வயதுப் பிள்ளையின் தலை தெரியாது. புகைபோக்கி அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கிறது. இதைப் பார்த்து வயிறு கலங்காத தாய் இந்த ஊரில் இல்லை. வீட்டை இடித்தாவது இடம் பண்ணுங்கள் என்று ஒரு தாய் கேட்டால், பயந்துபோய்க் கேட்கிறார். அந்தப் பயத்துக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

வண்டிகள் ஏன் பெருகின என்பதற்கும் ஊரில் காரணம் இருக்கிறது. நம் வீட்டு ஆண்களில் எத்தனையோ பேர் சபராளிகள். துபாயிலும் சவூதியிலும் மலேசியாவிலும் வேலை. காலையில் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட வாப்பா ஊரில் இல்லை. கைக்குழந்தையோடு இருக்கிற தாய் வேனுக்குச் சொல்லாமல் வேறு என்ன செய்வார்? வீட்டுக்கு ஒரு வண்டி தேவையா என்று கேட்கும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும் என்று தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்கின்றன. அது வண்டி நிற்கிற இடம் மட்டும். உள்ளே வர, திருப்ப, வெளியேற வழி விட்டால் காருக்குச் சுமார் 25 சதுர மீட்டர் ஆகிவிடும். அந்த இரண்டு வீடுகளும் தலா முப்பது அடி அகலம், எண்பது அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தரைமட்டமாக்கினால் கிடைப்பது 4,800 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 446 சதுர மீட்டர். பதினேழு, பதினெட்டுக் கார்கள் நிற்கலாம். வேன் என்றால் அதிலும் குறையும். அந்தக் கார்களும் நாளெல்லாம் நிற்கப் போவதில்லை. காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். மீதி நேரம் வெயிலில் காயும் சிமெண்டுத் தரை. கோடை விடுமுறையில் அதுவும் கிடையாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பள்ளி வாசலில் நிறுத்த இடம் இருக்கிறது என்று தெரிந்தால், இன்று நடந்து வரும் பிள்ளையும் நாளை காரில் வரும். அந்தக் கார்கள் எல்லாம் வருவதும் போவதும் இதே தெரு வழியாகத்தான். நிறுத்துமிடத்தைப் பெரிதாக்கலாம், அதற்குப் போகிற வழி அப்படியேதானே இருக்கும்? பிறகு வழியை அகலப்படுத்த வேண்டும் என்பார்கள். அப்போது இரண்டு வீடு போதாது, தெருவே போகும்.

இப்போது அந்த வீடுகளைப் பற்றிச் சொல்கிறேன். போன வாரம் அதில் ஒரு வீட்டின் மூலைச் சுவர் அருகே போய் நின்றேன். வேன்கள் உரசி உரசி, இடுப்பளவு உயரத்தில் காரை பெயர்ந்திருக்கிறது. உள்ளே கல் தெரிகிறது. கையை வைத்துப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். உற்றுப் பார்த்தால் விரல் நுனி அளவுக்கு நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள், ஒன்றை ஒன்று ஒட்டி, வரிசை பிசகாமல். அது மலையில் வெட்டிய கல் இல்லை. நம் கடலில் வளர்ந்த பவளம். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்தது. அதைக் கடலிலிருந்து எடுத்து, அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசி நம் முன்னோர்கள் கட்டிய சுவர் அது. வெளியே வெயில் கொளுத்தும்போது அந்த வீட்டுக் கூடத்தில் நின்றால் மின்விசிறியைத் தேடத் தோன்றாது.

இந்தக் கல்லைப் பற்றி நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. இராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986 இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989 இல் அந்தக் கடற்பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. 2001 இல் கடினப் பவளங்கள் அத்தனையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இன்று பவளத்துக்கும் உண்டு. அதற்கு நியாயம் இருக்கிறது. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் என்று ஆண்டுக்கணக்கில் பவளத்தை வெட்டியெடுத்ததில் கடல் அரிப்பைத் தாங்கும் அரண் போய்விட்டது. நம் கீழக்கரைத் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூவரசன்பட்டித் தீவு இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லித் தீவும் அப்படியே. பவளத்தை அள்ளியதை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆக, இந்தச் சுவருக்குக் கடல் கொடுத்த விலை பெரிது. இனி ஒரு கல்கூட எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. இடித்துவிட்டால் எந்தக் கொத்தனாரைக் கூப்பிட்டாலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதே சுவரை மறுபடியும் எழுப்ப வழியில்லை. கான்கிரீட் கட்டடம் ஒன்றை இடித்துவிட்டு வருத்தப்பட்டால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். இதை அப்படிச் செய்ய முடியாது. நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் தெருவின் அமைப்பு. பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவளுக்கு ஒரு வீடு கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். தாய் வீட்டுக்குப் பக்கத்தில் மகள் வீடு, அதற்குப் பக்கத்தில் அவள் மகள் வீடு. அப்படி ஒட்டி ஒட்டி வளர்ந்த தெருக்கள் இவை. பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வரக் குறுகிய சந்துகள் விட்டார்கள். நிழலும் அதனால்தான் கிடைக்கிறது. வள்ளல் சீதக்காதியின் பெயரால் அறியப்படும் ஊர் இது. 17 ஆம் நூற்றாண்டில், இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் காலத்தில், முத்தும் சங்கும் அரிசியும் இந்தக் கரையிலிருந்து மரக்கலம் ஏறின. ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். திராவிடக் கட்டடக் கலையில் எழுந்த பள்ளிவாசல் என்று வியந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பள்ளிவாசலை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றியுள்ள தெருக்களை அழித்துவிட்டால், அங்கே தொழ வந்தவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்று நம் பேரப்பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

தீயணைப்பு வண்டி நுழைய முடியுமா என்று ஒரு தம்பி எழுந்து கேட்டார். மிக முக்கியமான கேள்வி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் கருகிப்போனார்கள். வகுப்பறையிலேயே வயதைக் கழித்தவன் நான். அந்த நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. ஆகவே தம்பிக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இன்று காலையும் மாலையும் அந்த வண்டி நுழைய முடியாமல் இருப்பதற்குக் காரணம் வீடுகள் இல்லை, தெருவில் நிற்கும் வாகனங்கள்தான். பள்ளி நேரத்தில் தெரு வெறுமையாக இருந்தால் சிறிய தீயணைப்பு வண்டி வாசல் வரை வந்துவிடும். பெரிய வண்டி முனையில் நின்று குழாய் இழுக்கத்தான் வேண்டியிருக்கும். அதற்குத் தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது வெளியேறும் வழி, தீத்தடுப்புக் கருவிகள் எல்லாம் பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டும். அதைத் தீயணைப்பு நிலைய அலுவலரை அழைத்து வந்து, தெருவில் நடத்திக் காட்டி, அவர் சொல்கிறபடி செய்ய வேண்டும். இதில் செலவுக் கணக்குப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை.

அப்படியானால் வண்டிகளை என்ன செய்வது? வண்டியைப் பிள்ளையிடம் கொண்டுவருவதை விட்டுவிட்டு, பிள்ளையை வண்டியிடம் கொண்டுபோவோம். ஊர் விளிம்பில், பெரிய சாலையை ஒட்டி, வாரத்தில் ஐந்து நாளும் சும்மா கிடக்கும் பொட்டல் இருக்கிறது. வேனும் ஆட்டோவும் காரும் அங்கே நிற்கட்டும். அங்கிருந்து பள்ளிக்கு நானூறு மீட்டருக்குள்தான். சிறு பிள்ளையின் நடைக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். அந்தத் தூரத்தைப் பிள்ளைகள் தனியாக நடக்க வேண்டாம். இருபது பேருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நம் தெருவில் லாத்தாமார்களுக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கும் பஞ்சமில்லை. ஊருக்குள்ளேயே வீடு இருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த வரிசை வழியில் கிடைக்கும். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் என்பது கல்வி உரிமைச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு. பிள்ளை நடந்து வரக்கூடிய தூரத்தை வைத்துத்தான் அந்தக் கணக்கைப் போட்டார்கள்.

காலையிலும் மாலையிலும் முக்கால் மணி நேரம் இந்தத் தெருவுக்குள் மோட்டார் வாகனம் வரக் கூடாது. நோயாளி, ஆம்புலன்ஸ், முதியவர், நடக்க இயலாத பிள்ளை, இவர்களுக்கு மட்டும் விலக்கு. சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115 ஆம் பிரிவு ஒரு சாலையில் வாகனங்களைக் கட்டுப்படுத்த வழி செய்கிறது, 117 ஆம் பிரிவு நிறுத்துமிடம் ஒதுக்க வழி செய்கிறது. உலகத்தில் யாரும் செய்யாததை நாம் கேட்கவில்லை. இத்தாலியின் போல்சானோ நகரத்தில் 1989 முதலே பள்ளி நேரத்தில் பள்ளித் தெருவை வண்டிகளுக்கு அடைக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை மாலையானால் மூடிவிடுகிறார்கள். நம் ஊர்க்காரர்களே குடும்பத்தோடு அங்கே போய் நடந்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

பள்ளி செய்ய வேண்டியதும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் மணி அடிக்கும் நேரத்தில் கால் மணி இடைவெளி விட வேண்டும். பாதி நெரிசல் அதிலேயே தீரும். ஆசிரியர்களின் வண்டிகளும் பொட்டலுக்கே போக வேண்டும். 2012 இல் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் வேன்களை மைதானத்தில் நிறுத்தி, பிரேக்கையும் அவசர வழியையும் சோதிக்கிறார்கள். நல்ல காரியம். அதே கவனத்தோடு பிள்ளை வேனிலிருந்து கால் வைக்கிற இடத்தையும் பார்க்க வேண்டும்.

இதில் சிரமமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஜூன் மாதத்தில் இராமநாதபுரத்து வெயில் காலை எட்டரைக்கே சுடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் சந்துகளில் தண்ணீர் நிற்கும். பொட்டலில் பந்தல் போட வேண்டும், வழி நெடுக வேம்பும் பூவரசும் வைக்க வேண்டும். அவை வளரும்வரை தென்னங்கீற்றோ துணியோ கட்டி நிழல் பண்ண வேண்டும். திறந்த சாக்கடைகளுக்குப் பலகைக் கல் போட வேண்டியது நகராட்சியின் வேலை, அதை விடாமல் கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை. வீட்டை வாங்கி இடித்துத் தளம் போட ஆகிற பணத்தில் சிறு பங்கு இதற்குப் போதும்.

அந்த இரண்டு வீடுகளின் உரிமையாளர்களையும் குறை சொல்ல முடியாது. சென்னையில் குடியிருந்துகொண்டு, பூட்டிய வீட்டுக்கு வரி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும் ஓட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. அவர்கள் விற்க நினைத்தால் பள்ளியே வாங்கட்டும், இடிக்காமல் வாங்கட்டும். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க அதைவிட நல்ல நூலகம் எங்கே கிடைக்கும்? கட்டட உறுதியைப் பொறியாளரிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். சுவரைப் பழுது பார்க்கும்போது சிமெண்டு பூசிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் கல்லை அரித்துவிடும். சுண்ணாம்புக் காரை போடத் தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அழைத்துக்கொள்ளலாம்.

நிர்வாகத்தாரிடம் நான் கேட்பது ஒரே ஒரு மாதத் தவணை. கிரயப் பத்திரத்தையும் இடிக்கும் வேலையையும் நிறுத்தி வையுங்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளிலிருந்து ஒரு மாதம் இதை நடத்திப் பார்ப்போம். நகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் கொடுக்க வேண்டிய மனு எழுதியாகிவிட்டது, வெளியே மேசையில் இருக்கிறது. பெற்றோரும் தெருவாசிகளும் படித்துப் பார்த்து, சம்மதம் என்றால் கையெழுத்திடுங்கள். மனுவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம். காலையில் பிள்ளைகளோடு நடந்து வரச் சம்மதிக்கிறவர்கள் அதில் உங்கள் தெருவையும் வரக்கூடிய கிழமையையும் எழுதிவிட்டுப் போங்கள். என் பெயரைத் திங்கட்கிழமைக்கு எழுதியிருக்கிறேன். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஆட்கள் வேண்டும்.