கார்டு கெடவில்லை, பெயர்தான் மாறிவிட்டது

[திரை: கறுப்புப் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் ஒரே வரியில் நிற்கின்றன. ஓரத்தில் வினாடிக் கணக்கு ஏறுகிறது.]

வணக்கம். லினக்ஸ் கணினியை இயக்குகிறீர்கள். மளமளவென்று ஓடும் எழுத்துகள், நெட்வொர்க் வரிக்கு வந்ததும் நின்றுவிடுகின்றன. லினக்ஸின் ஒரு வகையான டெபியனில் இந்தக் காத்திருப்பு 5 நிமிடம் வரை நீளலாம். பிறகு கணினி எழுந்துகொள்ளும். இணையம் மட்டும் இருக்காது.

நெட்வொர்க் கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், கேபிள் செருகுமிடத்தில் சிறுவிளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் கார்டுக்கு உயிர் இருக்கிறது.

[திரை: டெர்மினலில் 'ஐபி லிங்க்' கட்டளை, விடையில் இரண்டு பெயர்கள்.]

இதில் 'லோ' என்பது கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வழி, அதை விட்டுவிடுங்கள். அடுத்ததுதான் நம் கார்டு: 'இஎன்பி4எஸ்0'. இப்போது ஈடிசி கோப்புறைக்குள், நெட்வொர்க் என்ற உறையில் இருக்கும் 'இன்டர்ஃபேசஸ்' கோப்பைத் திறக்கிறேன். அதில் எழுதியிருப்பதோ 'இஎன்பி3எஸ்0'. இல்லாத ஆளின் பெயரைச் சொல்லி வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது கணினி.

பெயர் எப்படி மாறியது? முன்பெல்லாம் லினக்ஸின் மையமான கெர்னல் கண்டுபிடித்த வரிசையில் ஈத்0, ஈத்1 என்று பெயர் விழும். இரண்டு கார்டு இருந்தால், அடுத்த முறை இயக்கும்போது அவை இடம் மாறிக்கொள்ளவும் கூடும். அதைத் தடுக்க, லினக்ஸ் எழும்போது சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளின், 2013இல் வந்த 197ஆம் பதிப்பு, கார்டு இருக்கும் இடத்தையே பெயராக்கியது. 'இஎன்' என்றால் ஈதர்நெட். 'பி4' என்பது கார்டுகள் இணையும் பிசிஐ தடத்தின் எண். 'எஸ்0' அந்தத் தடத்தில் செருகுமிடம். புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகினால் தட எண்கள் நகர்ந்துவிடலாம். நெட்வொர்க் கார்டை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள்! இதற்கு 'கணிக்கத்தக்க பெயர்' என்று பெயர் வைத்தவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

கோப்பில் பெயரைத் திருத்தினால் போதும். ஆனால் அடிக்கடி கார்டுகளைக் கழற்றி மாட்டுபவர் என்றால், கார்டின் அடையாள எண்ணான 48 பிட் மேக் முகவரியோடு பெயரைப் பிணைத்து, சிஸ்டம்டி படிக்கும் ஒரு 'லிங்க்' கோப்பு எழுதிவிடுங்கள். பெயர் 'லேன்0' என்று இருக்கட்டும். 'ஈத்0' வேண்டாம், கெர்னல் வைக்கும் பெயரோடு மோதும். டெபியனில், கணினி எழும்போது முதலில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பிக்க மறக்காதீர்கள். இதை விட்டுவிட்டு ஒரு மாலை முழுவதும் தலையைச் சொறிந்திருக்கிறேன்.

[திரை: அதே கோப்பு. 'ஆட்டோ' என்ற சொல் வட்டமிடப்படுகிறது.]

பெயர் சரியாக இருந்தும் தாமதமா? கேபிள் இல்லாத மடிக்கணினியில் 'ஆட்டோ' என்ற வரி, டிஎச்சிபி (கணினிக்கு நெட்வொர்க் முகவரி வழங்கும் சேவை) பதிலுக்காக வீணாகக் காத்திருக்கும். 'அலவ்-ஹாட்ப்ளக்' என்று மாற்றுங்கள்.

'ஐபி லிங்க்' பட்டியலில் கார்டே வரவில்லை என்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையின் விடையில் 'ஃபர்ம்வேர்', அதாவது கார்டு இயங்கத் தேவையான உள்மென்பொருள், என்ற சொல்லைத் தேடுங்கள். 2023இல் வந்த டெபியன் 12க்கு முன்பு, நிறுவல் வட்டிலேயே பல கார்டுகளுக்கான ஃபர்ம்வேர் கிடையாது. தனியாக நிறுவ வேண்டும்.

கார்டு தெரிகிறது, ஆனால் முகவரி 169.254 என்று தொடங்குகிறதா? டிஎச்சிபி பதில் தரவில்லை, அதனால் கணினி தானே ஒன்றை எடுத்துக்கொண்டது. இந்தக் கணினியை மூடிவிட்டு ரௌட்டர் பக்கம் போங்கள்.